அரசுத் தொடக்கப் பள்ளிக்குச் சபை உதவ வேண்டுமா? செய்முறை விளக்கம்

எங்கள் கிறிஸ்தவத் திருச்சபை ஊரிலுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குச் செய்த பணியைப் பார்த்து, பக்கத்துச் சேகரங்களிலிருந்து (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுப்பு) வழி கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேராயரின் கீழுள்ள சபைகளின் அமைப்பான திருமண்டலம் நிர்வகிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு நடைமுறை வேறு. சபைக் கமிட்டியில் தீர்மானம் போடுவதும் நிதி ஒதுக்குவதும் நீங்கள் அறிந்தவையே.

1. கடிதம். சபைப் போதகரான ஆயரும் கமிட்டி உறுப்பினர் ஒருவரும் தலைமை ஆசிரியரை நேரில் சந்தித்துக் கடிதம் கொடுங்கள். பள்ளி வளாகத்தில் ஜெபமோ துண்டுப் பிரசுரமோ இராது என்று அதில் தெளிவாக எழுதிவிடுங்கள். முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனையை அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு அனுமதிப்பதில்லை. வட்டாரக் கல்வி அலுவலரோ பெற்றோரோ கேட்டால் தலைமை ஆசிரியர் எடுத்துக்காட்டுவதற்கு அந்த ஒரு வரி போதும்.

2. தேவையை அறிதல். பெரும்பாலான சபைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். "என்ன வேண்டும், சார்?" என்று கேட்டால், "உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்" என்றுதான் பதில் வரும். உடனே நோட்டும் பையும் வாங்கக் கிளம்பிவிடுகிறோம். பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாவற்றையும் அரசே விலையின்றித் தருகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் மறு ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஆகவே கேள்வியை மாற்றுங்கள்: "எது பழுதாகிக் கிடக்கிறது?" தலைமை ஆசிரியரின் அனுமதியோடு, சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தினர் இருவர் இடைவேளை நேரத்தில் பள்ளியைச் சுற்றிப் பார்க்கட்டும். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக் கதவை வெளியே நின்று ஒரு சிறுமி இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க, உள்ளே இருக்கும் தோழி "விட்டுடாதடி" என்று குரல் கொடுப்பதை எந்தப் பட்டியலிலும் காண முடியாது.

3. பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி இக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நீங்கள் எடுத்த பட்டியலை அவர்கள் கூட்டத்தில் வைத்து, எது முதலில் என்பதை அவர்களே முடிவு செய்து தீர்மானமாக எழுதும்படி கேளுங்கள்.

4. வாங்குதல். குழாய் போடுவதானால் பித்தளைக் குழாயே போடுங்கள்; பிளாஸ்டிக் திருகு பிள்ளைகளின் கையில் தாங்காது. முதல் வகுப்புக் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் அது இருக்க வேண்டும். வடிகட்டி மாற்ற ஆண்டுதோறும் பணம் ஒதுக்க முடியாத சபை ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கித் தருவதை நான் ஆதரிக்க மாட்டேன். கொடுத்த பொருள் ஒவ்வொன்றும் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள். சபையின் வரவு செலவுக்கு வாட்ஸ்அப் குழுவை நம்புவதைவிடப் பில் ஒட்டிய நாற்பது பக்க நோட்டே மேல்.

5. காலம். கட்டுமான வேலை எதுவானாலும் ஏப்ரலில் முடிவு செய்து, மே விடுமுறைக்குள் முடித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: ஒப்படைப்பு விழாவில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம், சபையாருக்குக் காட்டப் புதிய கதவின் படம் போதும். வகுப்பறை கட்டும் அளவுக்குப் பெருந்தொகை சேர்ந்திருந்தால், அதைக் கையில் கொடுக்காமல், அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் இணையதளம் வழியாகப் பள்ளியின் பெயரைக் குறிப்பிட்டுச் செலுத்துங்கள்.