ஃபைபர் பில்லும் வேகமும்: எங்கே பார்ப்பது?

499 ரூபாய் பிளானுக்கு 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 589 கட்ட வேண்டும். வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். முதல் மாதம் ராத்திரி ஒன்பது மணி வேகத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வேகம் குறைகிறதா? லேப்டாப்பை லேன் கேபிளில் மோடத்தோடு நேராக இணைத்துச் சோதியுங்கள். சரியாக வந்தால் கோளாறு வைஃபையில்தான். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றுங்கள். 300 எம்பிபிஎஸ் பிளானில் லேன் கேபிளிலும் 94-ஐத் தாண்டவில்லையென்றால் கேபிளோ போர்ட்டோ 100 எம்பிபிஎஸ்-க்கானது. கேபிள்தான் காரணமென்றால் கேட்5இ வகை லேன் கேபிள் போடுங்கள்.

மோடம் செட்டிங்ஸில் ஆர்எக்ஸ் பவர் (மோடத்துக்கு வந்துசேரும் ஒளியின் வலிமை) -20 டிபிஎம் அளவில் இருந்தால் நிம்மதி. -27-ஐத் தொட்டால் ஃபைபர் இழை எங்கோ மடங்கியிருக்கும், அல்லது கனெக்டரில் தூசி. எல்ஓஎஸ் விளக்கு (ஒளி சிக்னல் வரவில்லை என்பதைக் காட்டுவது) சிவப்பாக எரிந்தால் ரீஸ்டார்ட் உதவாது, லைன்மேன்தான் வரவேண்டும். கழற்றிய இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள்.

நாளை 10 ஜிபிபிஎஸ் வந்தாலும் இதே இழை போதும், மோடம்தான் மாறும். அதனால் இழையை ஆணியடித்து இறுக்காமல், மூலையில் அகல வளைத்து விடுங்கள்.