பெயரில் 'பொக்' இருந்தால் எல்லாம் ஒரே பீர் அல்ல

தென் ஜெர்மனியின் பவேரியாவில் உள்ள ஐயிங்கர் ஆலையிலிருந்து வரும் செலபிரேட்டர் என்ற பொக் வகை பீர் பாட்டிலின் கழுத்தில், நூலில் கட்டிய சின்னஞ்சிறு வெள்ளை பிளாஸ்டிக் ஆடு ஒன்று தொங்கும். 'பொக்' என்றால் ஜெர்மன் மொழியில் கிடா. ஆனால் ஆட்டுக்கும் பீருக்கும் உறவு பிறகு வந்ததே. வட ஜெர்மனியின் ஐன்பெக் நகரத்துப் பீருக்கு பவேரியத் தலைநகர் மியூனிக்கில் பெரிய மதிப்பு இருந்தது. அந்த ஊர்ப்பெயர் பவேரியர் நாவில் 'ஐன் பொக்' என்று திரிந்து, 'ஒரு கிடா' என்று காதில் விழுந்தது. அதன் பிறகுதான் ஆடு லேபிளில் ஏறியது.

பொக் என்றாலே கறுப்பு பீர் என்று நம்புவதுதான் பலரும் செய்யும் தவறு. மைபொக் என்ற பெயர் தமிழ்க் கண்ணுக்கு மையின் கறுப்பையே காட்டும். ஆனால் ஜெர்மனில் 'மை' என்பது மே மாதம், மைபொக்கின் நிறமோ பொன்னிறம். பொக் என்ற சொல் நிறத்தைச் சொல்வதில்லை, அடர்த்தியைச் சொல்கிறது. ஜெர்மனியில் பொக் என்று பெயர் வைக்க, நொதிப்பதற்கு முந்தைய மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றின் நூறு கிராமில் குறைந்தது 16 கிராம் சத்து கரைந்திருக்க வேண்டும். டொப்பல்பொக் என்ற இன்னும் அடர்த்தியான வகைக்கு 18. 'டொப்பல்' என்றால் இரட்டை என்பதால் போதையும் இரட்டிப்பு என்று கணக்குப் போடாதீர்கள்.

ஆனால் இந்த விதி அமெரிக்காவில் செல்லாது. டெக்சாஸின் ஷைனர் பொக்கில் ஆல்கஹால் 4.4 சதவீதம்தான். பென்சில்வேனியாவின் ட்ரோக்ஸ் ஆலை தரும் ட்ரோகனேட்டர் என்ற டொப்பல்பொக்கிலோ 8.2. சாதாரண பீர் போல அரை லிட்டரை மளமளவென்று குடித்தால், 5 சதவீத பீரில் 25 மில்லி ஆல்கஹால் சேரும் இடத்தில் 41 மில்லி உள்ளே போயிருக்கும். பெயரைப் பார்த்து ஊகிக்காமல் சதவீதத்தைப் படியுங்கள்.

செலபிரேட்டர், ட்ரோகனேட்டர் என்ற பெயர்களின் முடிவில் வரும் அந்த 'ஏட்டர்' வாலுக்கும் ஒரு வரலாறு உண்டு. மியூனிக்கின் பவுலானர் துறவிகள் தவக்கால நோன்புக்குக் காய்ச்சிய பீரின் வழிவந்தது சால்வேட்டர். மற்ற ஆலைகளும் அதே பெயரில் விற்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது வணிகச் சின்னமாகப் பதிவானதும், அவர்கள் வாலை மட்டும் வைத்துக்கொண்டு தலையை மாற்றினார்கள். ஷ்பாட்டன் ஆலையின் ஆப்டிமேட்டரும் அந்த வரிசைதான்.

வசந்தத்தில் தொட்டிகளைக் கழுவும்போது கிடைக்கும் அடிக்கசடிலிருந்து செய்வதே பொக் என்று அமெரிக்காவில் ஒரு கதை நெடுங்காலம் உலவியது. இது பச்சைப் பொய். மால்ட்டை அள்ளிப் போட்டு, குளிரில் வாரக்கணக்கில் காத்திருந்து செய்யும் பீரைக் கசடு என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எல்லா பொக்கும் லாகர் வகை, அதாவது குளிரில் மெதுவாக நொதிக்கும் பீர், என்றும் எண்ண வேண்டாம். 1907இல் ஷ்னைடர் ஆலை தொடங்கிய அவென்டினஸ் ஒரு வைட்சன்பொக். பாதிக்கு மேல் கோதுமை, லாகரைவிட அதிக வெப்பத்தில் நொதிக்கும் ஏல் வகை ஈஸ்ட். வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். ஐஸ்பொக் ஐஸ் போட்டுக் குடிப்பதும் அல்ல. பீரை உறையவைத்து, முதலில் உறையும் நீரைப் பனிக்கட்டியாக அகற்றி அடர்த்தியாக்குவது அது.

டொப்பல்பொக்கை மட்டும் கடுங்குளிரில் பரிமாறாதீர்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் மேசையில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் கரும்பழுப்பின் ஓரத்தில் மாதுளைச் சிவப்பு தெரியும்; கருகாத ரொட்டி ஓரமும் கருப்பட்டியும் கலந்த மணம் அப்போதுதான் மேலெழும்.