பதினாறாம் நாளுக்குப் பிறகும்: தற்கொலையில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்கு ஊர் துணை நிற்பது எப்படி

கடற்கரை ஊரில் சாவு வீட்டுக்கு ஆள் பஞ்சம் வராது. பந்தலும் நாற்காலியும் டீ கேனும் கேட்காமலே வந்து சேரும். தற்கொலை நடந்த வீட்டில் மட்டும் கூட்டம் வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே வருகிறவரும் "என்னதான் பிரச்சினை?" என்று துருவத்தான் வருகிறார். பதினாறாம் நாள் காரியமோ நாற்பதாம் நாள் பாத்திஹாவோ முடிந்ததும் அதுவும் ஓய்ந்துவிடும். இப்படி ஒருவரை இழந்தவர்களுக்கே தற்கொலை எண்ணம் வரும் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல். ஆகவே அடுத்த சாவைத் தடுக்கும் வேலை அந்த வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

தெருவுக்குள் நாலு பேர் போதும். வீட்டுப் பெண்களோடு பழக்கமுள்ள இருவர், இறந்தவரோடு கடலுக்குப் போனவரோ கூடப் படித்தவரோ ஒருவர், ஸ்டேஷனுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலையத் தெரிந்த ஒருவர். சங்கத் தலைவர், ஜமாத் நிர்வாகி, பங்குச்சாமியார் ஆதரவு வேண்டும்; ஆனால் இந்த நாலு பேருக்குள் அவர்கள் வேண்டாம், அவர்கள் முன்னால் வீட்டார் வாய் திறக்க மாட்டார்கள். குடும்பத்துக்கு முன்பணம் கொடுத்திருக்கும் மீன் வியாபாரியையும் சேர்க்காதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

முதல் மூன்று நாள்

பிரேதப் பரிசோதனை கட்டாயம். "போலீசுக்குத் தெரியாமல் எடுத்துவிடலாம்" என்று சொல்பவர் பேச்சைக் கேட்டால், பின்னால் சான்றிதழும் இன்சூரன்ஸும் அதில்தான் சிக்கும். இறந்தவர், புகார் கொடுப்பவர் இருவரின் ஆதார் நகலும் கையில் இருக்கட்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். இறந்தவர் திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் உள்ள பெண் என்றால் கோட்டாட்சியர் விசாரணை உண்டு. பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி, கூட ஒருவர் போங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது.

அடக்கத்தில் தகராறு வந்தால் அங்கேயே பேசி முடிக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 சட்டத் தொகுப்பு, தற்கொலையைக் காரணம் காட்டி அடக்கச் சடங்கை மறுக்கச் சொல்லவில்லை. இஸ்லாமிய மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் ஜனாஸா தொழுகை உண்டு என்கிறார்கள். இதைப் பங்குச்சாமியார், இமாம் வாயால் சொல்ல வைத்தால் ஊர் வாய் அடங்கும். "ஆவி அலையும்" என்று அந்த வீட்டுப் பக்கம் பிள்ளைகளை விடாத வழக்கத்தையும் பெரியவர்களே உள்ளே போய் உட்கார்ந்து உடைக்க வேண்டும்.

பிளக்ஸ் விஷயத்தில் கறாராக இருங்கள். வாலிபப் பிள்ளை இறந்தால் பஸ் நிறுத்தம் வரை பேனர், சிறகு முளைத்த படம், வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் பாட்டு என்று போகிறது. அதே மனவேதனையில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது சாவை ஒரு மரியாதையாகக் காட்டுகிறது. ஒரு பேனர், பெயரும் தேதியும் மட்டும், அடக்கம் முடிந்ததும் இறக்கிவிடுங்கள். எழுதி வைத்த கடிதத்தின் படம், இறந்த விதம், இடம் எதுவும் எந்தக் குரூப்பிலும் வரக் கூடாது; வந்தால் அட்மின் உடனே நீக்க வேண்டும்.

என்ன பேசுவது

கொஞ்சம் பேசினால் போதும். "ஏன்", "நீங்க கவனிச்சிருக்கலாமே", "கோழைத்தனம்" மூன்றும் வேண்டாம். "மதினி, ராத்திரிச் சோறு நான் கொண்டாரேன்" என்பது பத்து ஆறுதலுக்குச் சமம். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசத் தயங்காதீர்கள். வீட்டார் கோபப்பட்டாலும், 'தொல்லை ஒழிந்தது' என்று சொன்னாலும் அதிராதீர்கள். துக்கத்தில் இதுவும் வரும்.

பிள்ளைகளிடம் "அப்பா கடலுக்குப் போயிருக்காரு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம்ம ஊரில் அது சுலபமாக வாயில் வரும் பொய். படகு திரும்பும் நேரமெல்லாம் பிள்ளை கரையைப் பார்த்து நிற்கும், பிறகு பள்ளிக்கூடத்தில் வேறு யாரோ உடைத்துச் சொல்வார்கள். "அப்பா இறந்துட்டாங்க. அவங்களுக்கு மனசு ரொம்ப முடியாமப் போச்சு. நீ செஞ்ச எதாலயும் இல்ல" என்பது போதும். கடைசி வரியைப் பல தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

கடனும் காகிதமும்

முதல் மாதத்தில் வெற்றுப் பத்திரத்திலோ புரோநோட்டிலோ மனைவி கையெழுத்துப் போடக் கூடாது. ஜாமீன் போட்டிருந்தால் ஒழிய, இறந்தவரின் கடனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து அளவுக்கே வாரிசுகள் பொறுப்பு. மீட்டர் வட்டிக்காரர் மிரட்டினால் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தைச் சொல்லிப் புகார் கொடுக்கலாம்.

வங்கிப் பாஸ்புக்கைப் புரட்டுங்கள். ஆண்டுக்கு 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. சேர்ந்து முதல் 30 நாள் கழிந்திருந்தால் தற்கொலைக்கும் 2 லட்சம் உண்டு. 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீட்டில் கிடைக்காது. தனி ஆயுள் பாலிசியில் தொடங்கியோ புதுப்பித்தோ 12 மாதம் கடந்திருக்கிறதா என்று பாருங்கள்; கடந்திருந்தால் தற்கொலைக்கும் முழுத் தொகை உண்டு.

நாள்காட்டியில் குறிப்பது

வாரம் ஒரு தடவை, யார் போவது என்று பெயர் எழுதி, ஆறு மாதம். அதற்கு மேல் பிறந்த நாள், ஊர்த் திருவிழா, முதல் வருட நினைவு நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம்: கையில் காசில்லை, ஆண்கள் நாள் முழுக்கக் கரையில், குடி கூடும். அந்த 61 நாளும் வாரம் இரண்டு தடவை போங்கள். கூடக் கடலுக்குப் போன கூட்டாளிகளையும் விசாரியுங்கள். அவர்களை யாரும் துக்க வீட்டார் என்று எண்ணுவதில்லை.

யாராவது தன் பொருட்களைப் பகிர்ந்து கொடுத்தால், தூக்கம் கெட்டால், 'நான் இல்லாட்டி நல்லாருக்கும்' என்றால் நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாண்ணே?" கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மருந்து மாத்திரை, பூச்சிமருந்தைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றுங்கள். அவர் பக்கத்தில் இருந்தபடியே அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 அல்லது சுகாதார உதவி எண் 104ஐ அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கேஸ் ஆகும் என்ற பயத்தில் பலர் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். போலீசுக்குத் தகவல் போகும், உண்மைதான். ஆனால் முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. வீடு திரும்பிய முதல் சில வாரங்களில்தான் மிகக் கவனம் வேண்டும். மறு பரிசோதனைத் தேதியை வாங்கி, அன்று கூடப் போங்கள். மனநோய் தீர வேண்டி ஏர்வாடி தர்காவுக்கு நேர்ந்திருந்தால் தடுக்க வேண்டாம், மாத்திரைச் சீட்டும் கூடப் போகட்டும். சங்கிலி மட்டும் கூடாது: 2001 ஆகஸ்ட் 6 தீவிபத்தில் அந்த ஊர்க் காப்பகத்தில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள், இன்று அது சட்டப்படியும் குற்றம்.