பூஸ்ட் ஏறினால் திணறல்: என் காரில் காரணம் பிளக் இடைவெளி

ரீமேப் செய்த (என்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றிய) டர்போ பெட்ரோல் கார். சாதாரணமாக ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை, ஆனால் மூன்றாவது கியரில் முழுசாக மிதித்து பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) 1.2 பாரைத் தொட்டதும் வெட்டி வெட்டி இழுக்கும். லாக் (ஓடும்போது பதிவாகும் சென்சார் அளவுகள்) எடுத்துப் பார்த்தால் அந்த நேரத்தில் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) என்று காட்டியது. இதைப் பார்த்ததும் ஃபியூயல் பம்பை மாற்றச் சொல்வார்கள், தயவுசெய்து அவசரப்படாதீர்கள்: தீப்பொறி தவறினாலும் எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே போய் சென்சாருக்கு லீன் போலத்தான் தெரியும். என் லாகில் ஃபியூயல் பிரஷர் இறங்கவே இல்லை. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்களுக்குக் காற்றழுத்தம் கொடுத்து சோப்புத் தண்ணீர் தெளித்தேன், கசிவும் இல்லை.

சரி, மிச்சம் பொறி விடும் இக்னிஷன் பகுதிதான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்தால், பொறி தாண்டும் இரு முனைகளுக்கு நடுவே இடைவெளி 0.8 மி.மீ. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும், பிளக்குக்கு வோல்டேஜ் கொடுக்கும் காயிலால் அவ்வளவு தர முடியாத இடத்தில் பொறி விழாது. நடு முனையில் இருக்கும் இரிடியம் சட்டென்று உடையும், அதனால் அதைத் தொடாமல் பக்க எலக்ட்ரோடை மட்டும் மெதுவாக வளைத்து 0.6-க்குக் கொண்டுவந்தேன். அப்புறம் அதே கியரில் அதே பூஸ்டில் ஒரே சீராக இழுத்தது. காயில்கள் பழையவைதான், இன்னும் மாற்றவில்லை.