ட்ரைவால் அடிப்பதற்கு முன்: பைப் பாதுகாப்பு, ஃபயர்பிளாக்கிங் இரண்டையும் இன்ஸ்பெக்ஷனுக்குத் தயார் செய்வது எப்படி?

அமெரிக்காவில் மரச்சட்ட வீட்டின் பேஸ்மென்டை அறையாக மாற்றுகிறீர்கள், அல்லது புதிதாக ஒரு குளியலறை கூட்டுகிறீர்கள். பெர்மிட் எடுத்தாயிற்று, ஸ்டட் (சுவரின் செங்குத்து மரச்சட்டம்) நிறுத்தியாயிற்று, பைப்பும் வயரும் ஓடிவிட்டன. உடனே ட்ரைவால் (ஜிப்சம் சுவர்ப்பலகை) அடிக்கக் கை பரபரக்கும். பொறுங்கள். இன்ஸ்பெக்டர் பார்த்து ஒப்புதல் தரும்வரை சுவரை மூடக்கூடாது. மூடிவிட்டால் பிரிக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு.

இங்கே சொல்லும் அளவுகள் ஐ.ஆர்.சி. எனப்படும் சர்வதேச குடியிருப்பு விதித்தொகுப்பில் உள்ளவை. எந்த ஆண்டின் பதிப்பு உங்கள் ஊரில் நடைமுறையில் இருக்கிறது என்று பெர்மிட் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் பிளம்பிங்குக்கு வேறு விதித்தொகுப்பு.

வரிசையும் முக்கியம். பிளம்பிங், எலக்ட்ரிக்கல், டக்ட் (காற்றுக்குழாய்) வேலைகளின் ரஃப் இன்ஸ்பெக்ஷன் (சுவரை மூடுமுன் செய்யும் சோதனை) முதலில். அவை தேறிய பிறகுதான் ஃபிரேமிங் (மரச்சட்ட வேலை) இன்ஸ்பெக்ஷன். ஃபயர்பிளாக்கிங், அதாவது சுவருக்குள் தீ பரவும் வழிகளை அடைப்பது, அதற்குள் முடிந்திருக்க வேண்டும். இன்சுலேஷன் அதற்கும் பிறகு.

படி 1: துளைகளை அளந்து பாருங்கள்

2×4 ஸ்டட்டின் உண்மையான அகலம் 3½ அங்குலம். பாரம் தாங்கும் சுவரிலும் வெளிச்சுவரிலும் துளை அந்த அகலத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதாவது 1.4 அங்குலம். பாரம் தாங்காத தடுப்புச் சுவரில் 60 சதவீதம், 2.1 அங்குலம். எந்தச் சுவராக இருந்தாலும் துளையின் ஓரத்துக்கும் ஸ்டட்டின் விளிம்புக்கும் இடையே 5/8 அங்குல மரமாவது மிஞ்ச வேண்டும். துளைக்குப் பதில் ஸ்டட்டின் விளிம்பில் வெட்டுப்பள்ளம் போட்டால் வரம்பு இன்னும் இறுக்கம்: பாரச் சுவரில் 25 சதவீதம், மற்றதில் 40.

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். 2 அங்குல பிவிசி பைப்பின் வெளிவிட்டம் 2 அங்குலம் அல்ல, 2⅜. தடுப்புச் சுவராகவே இருந்தாலும் 2×4 ஸ்டட்டில் அதைக் குறுக்கே கொண்டுபோக முடியாது. டிரெய்ன் (கழிவுநீர்) பைப் கிடைமட்டமாக ஓட வேண்டிய சுவரை ஆரம்பத்திலேயே 2×6-இல் கட்டிவிடுங்கள். அப்போதும் பாரச் சுவரில் 2.2 அங்குலம்தான் வரம்பு என்பதால், 2 அங்குல பைப் போகும் பாதை தடுப்புச் சுவராக இருப்பதே நல்லது.

பாரச் சுவரின் டாப் பிளேட்டை (ஸ்டட்களின் தலையில் படுத்திருக்கும் சட்டம்) பைப்புக்காகப் பாதி அகலத்துக்கு மேல் வெட்டினால், வெட்டின் மேல் 16 கேஜ் கால்வனைஸ்டு பட்டை போட வேண்டும். பட்டையின் அகலம் 1½ அங்குலம், இருபுறமும் எட்டெட்டு ஆணிகள்.

படி 2: நெயில் பிளேட்

துளை ஓரத்திலிருந்து ஸ்டட்டின் முகம் (ட்ரைவால் அடிக்கும் விளிம்பு) வரை டேப் வைத்துப் பாருங்கள். 1¼ அங்குலத்துக்குக் குறைந்தால் அங்கே நெயில் பிளேட் எனும் இரும்புத் தகடு வேண்டும். பழைய பதிப்புகள் 1½ கேட்கும். தகட்டின் கனம் குறைந்தது 0.0575 அங்குலம், அதாவது 16 கேஜ். வார்ப்பிரும்பு, கால்வனைஸ்டு இரும்புப் பைப்புகளுக்கு மட்டும் விலக்கு.

ஏன் ஒன்றேகால்? அரை அங்குல ட்ரைவாலுக்கு வழக்கமாக 1¼ ஸ்க்ரூ போடுவார்கள். முக்கால் அங்குலம் மரத்துக்குள் போகும். கையில் 1⅝ ஸ்க்ரூதான் இருந்தது என்றால் 1⅛ அங்குலம் போகும். அதற்கும் துளைக்கும் இடையே மிச்சம் வெறும் ⅛ அங்குலம். ஸ்க்ரூ பெக்ஸ் (வளையும் பிளாஸ்டிக்) பைப்பைக் குத்தினாலும் உடனே தண்ணீர் பீய்ச்சாமல் போகலாம்; குத்திய ஸ்க்ரூவே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். மாதக்கணக்கில் துருப்பிடித்துத் தளர்ந்த பிறகுதான் சுவரில் ஈரம் தெரியும். அதற்குள் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும்.

அரை அங்குல பெக்ஸுக்கு நட்டநடுவே முக்கால் அங்குலத் துளை போட்டால் இருபுறமும் 1⅜ கிடைக்கும், தகடு தேவையில்லை. கால் அங்குலம் விலகினால் ஒருபக்கம் 1⅛ ஆகிவிடும், தகடு வேண்டும். 1½ அங்குல பிவிசிக்கு 2 அங்குலத் துளை என்றால் இருபுறமும் முக்கால்தான். இரண்டு முகத்திலும் தகடு அடியுங்கள். ஒருபக்கம் மட்டும் அடித்துவிட்டு, மறுபக்கத்து அறையை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

பைப் செங்குத்தாகப் பிளேட்டுகளைக் கடக்கும் இடத்தில், தகடு சோல் பிளேட்டுக்கு (தரையில் படுத்திருக்கும் சட்டம்) மேலே 2 அங்குலமும் டாப் பிளேட்டுக்குக் கீழே 2 அங்குலமும் நீள வேண்டும். பேஸ்போர்டு ஆணி இறங்குவது அங்கேதான். மின் கேபிளுக்கும் அதே ஒன்றேகால் விதி உண்டு என்பதால் ஒரே சுற்றில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

படி 3: ஃபயர்பிளாக்கிங்

இரண்டு ஸ்டட்டுக்கு நடுவே 14½ அங்குல அகலத்தில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. மேலும் கீழும் திறந்திருந்தால் அது புகைபோக்கியேதான். பேஸ்மென்டில் பிடித்த தீ யார் கண்ணிலும் படாமல் பரணுக்கு ஏறிவிடும். சாதாரணச் சுவரில் டாப் பிளேட்டும் சோல் பிளேட்டுமே அந்த வழியை அடைத்துவிடுகின்றன. ஆகவே அவை அடைக்காத இடங்களைத் தேடுவதுதான் உங்கள் வேலை.

முதல் இடம், கான்கிரீட் சுவரை விட்டு ஓர் அங்குலம் தள்ளி நிறுத்திய பேஸ்மென்ட் சுவர். பின்னால் இருக்கும் இடைவெளி நேராக ஜாய்ஸ்ட்களுக்கு (மேல்தளத்தைத் தாங்கும் உத்தரங்கள்) நடுவே திறக்கிறது. சுவரை நிறுத்துமுன் டாப் பிளேட் வரும் இடத்துக்கு மேலே, கான்கிரீட்டை ஒட்டும் அகலத்தில், அரை அங்குல ட்ரைவாலோ 23/32 அங்குல ப்ளைவுட்டோ பட்டையாக அடித்துவிடுங்கள். சுவர் ஏற்கெனவே நிற்கிறதா? மினரல் வுல் (தீப்பிடிக்காத பஞ்சு) திணித்து, விழாதபடி பிடிமானம் கொடுங்கள். பக்கவாட்டிலும் 10 அடிக்கு மேல் இடைவெளி தொடரக்கூடாது. 24 அடிச் சுவர் என்றால் எட்டெட்டு அடியில் இரண்டு இடத்தில், தரையிலிருந்து மேல்வரை செங்குத்துப் பட்டை வையுங்கள்.

மேலுறை இல்லாத ஃபைபர்கிளாஸால் அடைப்பதானால் அது வெற்றிடத்தின் முழுக் குறுக்களவையும் நிரப்பி, 16 அங்குல உயரம் இருக்க வேண்டும். குறுக்கே பைப் வந்தால் அதைச் சுற்றியும் இறுக்கமாக. கைப்பிடி அளவு சொருகிவைத்தது தேறாது.

இரண்டாவது, டக்டை மறைக்கும் சாஃபிட் பெட்டி. திறந்த ஸ்டட் சுவரில் அதைப் பொருத்தினால் சுவரின் வெற்றிடமும் பெட்டியின் வெற்றிடமும் ஒன்றாகிவிடும். பெட்டி கட்டுமுன் அதன் பின்னால் வரும் சுவரிலும் கூரையிலும் ட்ரைவால் அடித்துவிடுவதே சுத்தமான வழி. அதற்கு முன்கூட்டியே இன்ஸ்பெக்டரிடம் பேசி அனுமதி வாங்குங்கள். இல்லையேல் பெட்டியின் அடிமட்டத்தில் ஸ்டட்களுக்கு நடுவே 2×4 துண்டுகள். படிக்கட்டின் ஸ்ட்ரிங்கர்களுக்கு (படிகளைத் தாங்கும் சாய்வுப் பலகைகள்) இடையிலும் மேல் முனை, கீழ் முனை இரண்டையும் அடைக்க வேண்டும்.

படி 4: பைப், வயர் துளைகளைச் சுற்றி

தரை மட்டத்திலும் கூரை மட்டத்திலும் பைப்பைச் சுற்றியுள்ள இடைவெளியை ஃபயர்பிளாக் என்று குறிக்கப்பட்ட காக் (பசை போன்ற அடைப்பான்) அல்லது நுரையால் நிரப்புங்கள். சாதாரண நுரையை ஏற்கமாட்டார்கள். நுரை ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் மட்டும் போதாது. டப்பாவைத் தூக்கி எறியாமல் வையுங்கள், லேபிளைக் கேட்பார்கள். சிபிவிசி (சுடுநீருக்கும் பயன்படும் பிளாஸ்டிக்) பைப் என்றால் அந்தப் பொருள் அதற்கு ஒத்துப்போகும் என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். ஒவ்வாத ரசாயனம் பட்டால் பைப் விரிசல் விடும்.

பாத்டப் டிரெய்னுக்காகத் தரையில் வெட்டிய பெரிய சதுரத்தை நுரையால் நிரப்பப் பார்க்காதீர்கள். பைப்பைச் சுற்றி ப்ளைவுட் வெட்டிப் பொருத்தி, மிஞ்சிய இடைவெளியை மட்டும் அடையுங்கள். கேஸ் ஹீட்டரின் புகைக்குழாய் பக்கம் நுரையே கூடாது. டைப் பி எனப்படும் உலோகப் புகைக்குழாய்க்கும் மரத்துக்கும் இடையே பொதுவாக ஓர் அங்குல இடைவெளி விட்டு, உலோகத் தகடால் மூடுவார்கள்.

டவுன்ஹவுஸ்களைப் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவரில் துளை போட்டிருந்தால் இந்தக் காக் உதவாது. அங்கே அந்தச் சுவருக்கென்றே சோதிக்கப்பட்ட ஃபயர்ஸ்டாப் அமைப்பு வேண்டும்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தைய நாள் மாலை விளக்கை அணைத்துவிட்டு, ஒருவர் மேல்தளத்தில் நிற்க, இன்னொருவர் கீழேயிருந்து ஒவ்வொரு துளைக்கும் டார்ச் அடியுங்கள். மேலே எங்கு வெளிச்சம் தெரிகிறதோ அங்கு பென்சிலால் குறித்துக்கொண்டு, அன்றிரவே அடைத்துவிடுங்கள்.