ஆட்சேர்ப்புப் பரீட்சைக்கு நிகழ்நிலை மென்பொருள்: முதன்முறையாகத் தெரிவுசெய்வோருக்கான படிமுறை விளக்கம்

கொழும்பில் ஒரு நிறுவனம் நான்கைந்து எழுதுவினைஞர் வெற்றிடங்களுக்கு விளம்பரம் கொடுத்தாலும் நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. அத்தனை பேரையும் நேர்முகத்துக்கு அழைக்க இயலாது. ஆகவே எழுத்துப் பரீட்சை ஒன்றை வைத்தே ஆட்களைக் குறைக்க வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடசாலை மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மேசைகளில் சுட்டெண்களை ஒட்டி, முத்திரையிட்ட உறைகளில் வினாத்தாள்களைக் கொண்டுபோய் இறக்குவோம். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு ரயிலில் வந்து, கோட்டை நிலையத்திலேயே முகம் கழுவிக்கொண்டு பரீட்சைக்கு ஓடி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். நிகழ்நிலைப் பரீட்சை அந்த அலைச்சலை இல்லாமல் செய்கிறது. ஆனால் உறையின் முத்திரையும் மண்டப வாசலில் நின்ற மேற்பார்வையாளரும் செய்த வேலையை இனி மென்பொருளே செய்ய வேண்டும். அதைத் தெரிவுசெய்யும் பொறுப்பு பெரும்பாலும் மனிதவளப் பிரிவில், கணினிப் பாதுகாப்பை முறையாகப் படித்திராத ஒருவரின் மேசைக்கே வந்து சேர்கிறது. இந்த விளக்கம் அவருக்கானது.

படி 1: எதைக் காக்க வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

விற்பனை முகவர் தமது செய்துகாட்டலைப் பெரும்பாலும் கமராவிலிருந்துதான் தொடங்குவார்: முகத்தை எப்படி அடையாளம் காண்கிறது, கண் திரும்பினால் எப்படி எச்சரிக்கிறது என்பவற்றைத் திரையில் காட்டுவார். அவர் வருவதற்கு முன்பே உங்கள் கையில் ஒரு பக்கக் குறிப்பு இருக்க வேண்டும். காக்க வேண்டியவை மூன்று: பரீட்சைக்கு முன்னர் வினாக்கள், பரீட்சை நேரத்தில் எழுதுபவரின் அடையாளம், பரீட்சைக்குப் பின்னர் புள்ளிகள். உங்கள் பதவிக்கு இவற்றில் எது கெட்டால் கூடுதல் சேதம் என்று வரிசைப்படுத்துங்கள்.

பெரும்பாலான இடங்களில் முதலிடம் வினாக்களுக்கே உரியது என்பது என் கருத்து. சில ஆண்டுகளுக்கு முன் நான் உதவிய ஓர் ஆட்சேர்ப்பில் வினாக்கள் வெளியே போயின. விலை கூடிய மென்பொருள், கமரா, பூட்டப்பட்ட உலாவி எல்லாம் இருந்தன. ஆனால் வினாக்களைத் தொகுத்தவர் அவற்றை எக்செல் கோப்பாக மின்னஞ்சலில் மூன்று பேருக்கு அனுப்பியிருந்தார், அதில் ஒருவரின் உறவினரும் விண்ணப்பதாரர். 2024 செப்டெம்பரில் நடந்த தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியானதும், அவற்றுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி வழங்குமாறு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் பலருக்கு நினைவிருக்கும். அது அச்சிட்ட தாள். தாளாயினும் திரையாயினும் வினாவை முன்கூட்டியே பார்த்தவரின் வழியாகத்தான் அது கசிகிறது.

படி 2: வினா வங்கியையும் அனுமதிகளையும் சோதியுங்கள்

செய்துகாட்டலில் அரைவாசி நேரத்தை இதற்கே கேட்டு வாங்குங்கள். வினா எழுதுபவர், அதைச் சரிபார்ப்பவர், பரீட்சையைத் திறந்து மூடுபவர், புள்ளிகளைப் பார்ப்பவர் ஆகிய நால்வருக்கும் வெவ்வேறு அனுமதிகளை வழங்க முடிகிறதா என்று பாருங்கள். கணக்கியல் வினா எழுதுபவர் ஆங்கில மொழி வினாக்களைத் திறக்க முடியாதிருக்க வேண்டும். இவர்கள் அனைவருக்கும் கடவுச்சொல்லோடு கைத்தொலைபேசிக்கு வரும் குறியீடு போன்ற இரண்டாவது சரிபார்ப்பும் கட்டாயமாக்கப்பட வேண்டும். யார், எந்த வினாவை, எத்தனை மணிக்குத் திறந்தார், மாற்றினார், தரவிறக்கினார் என்பதைப் பதியும் நடவடிக்கைப் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், தலைமை நிர்வாகியின் கணக்கிலிருந்து அதில் ஒரு வரியை அழித்துக் காட்டச் சொல்லுங்கள். அழிக்க முடிந்தால் அந்தப் பதிவேட்டை நம்பி ஒரு விசாரணை நடத்த முடியாது.

அடுத்தது எழுமாறாக வினா எடுப்பது. ஒவ்வொருவருக்கும் 50 வினாக்கள் வழங்குவதாக வைத்துக்கொள்வோம். வினா வங்கியில், அதாவது வினாக்களைச் சேர்த்துவைத்த தொகுப்பில், 100 வினாக்களே இருந்தால், எந்த இரு பரீட்சார்த்திகளுக்கும் சராசரியாக 25 வினாக்கள் பொதுவாக வரும். வங்கியை 300 ஆகப் பெருக்கினால் அந்த எண்ணிக்கை எட்டு, ஒன்பதாகக் குறைந்துவிடும். பக்கத்து வீட்டில் எழுதும் நண்பரோடு விடைகளைப் பரிமாறுவதன் பயன் இதனாலேயே பெருமளவு போய்விடுகிறது, கமரா எதுவும் தேவைப்படாமல். ஆயினும் ஒருவருக்கு இலகுவான வினாக்களும் மற்றவருக்குக் கடினமானவையும் விழாதிருக்க, வினாக்களை இலகு, நடுத்தரம், கடினம் எனப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் குறித்த எண்ணிக்கையை எடுக்கும் வசதி அவசியம்.

விடைத் தெரிவுகளின் வரிசையை மாற்றும் வசதியில் ஒரு பொறி உண்டு. “மேற்கூறிய அனைத்தும்” என்பதை நான்காவது தெரிவாக எழுதியிருப்பீர்கள். மென்பொருள் வரிசையைக் கலைத்ததும் அது முதலாவதாகப் போய் நிற்கும், மேலே ஒன்றும் இராது. குறித்த தெரிவை இடம் மாறாமல் நிறுத்த முடியுமா என்று கேளுங்கள், அல்லது அத்தகைய தெரிவுகளையே கைவிடுங்கள்.

படி 3: வீட்டிலா, நிலையத்திலா?

இதை முடிவுசெய்யாமல் பூட்டும் உலாவி பற்றிப் பேசிப் பயனில்லை. பூட்டும் உலாவி என்பது பரீட்சை முடியும்வரை வேறு பக்கங்களையும் செயலிகளையும் திறக்கவிடாத உலாவி. சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிச் பல்கலைக்கழகத்தில் உருவாகிய சேஃப் எக்ஸாம் பிரவுசர் இவ்வகையைச் சேர்ந்தது. இலவசமானது, திறந்த மூலமுடையது, அதாவது அதன் நிரலை எவரும் பார்க்கலாம், மாற்றலாம். அதேபோல் திறந்த மூலமுடைய, நிகழ்நிலைப் பாடங்களையும் பரீட்சைகளையும் நடத்த உதவும் மென்பொருளான மூடில், 3.9 பதிப்பிலிருந்து, அதாவது 2020 முதல், இந்த உலாவியோடு இணைந்து இயங்கும் அமைப்பைத் தன்னகத்தே கொண்டுள்ளது. சிறிய நிறுவனம் ஒன்று இவ்விரண்டையும் கொண்டே நல்ல பரீட்சையொன்றை நடத்தலாம். மென்பொருளுக்குத்தான் விலையில்லை, அதை நிறுவி, புதுப்பித்து, காப்புப் பிரதி எடுத்துவைக்கும் ஆளுக்குச் சம்பளம் உண்டு.

சேஃப் எக்ஸாம் பிரவுசர் விண்டோஸ், மெக், ஐபேட் ஆகியவற்றில் இயங்கும். அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசியில் இயங்காது. அண்ட்ரொய்ட் தொலைபேசியைத் தவிர வேறு சாதனம் இல்லாத விண்ணப்பதாரர்கள் உங்கள் பட்டியலில் எத்தனை பேர் என்று முதலில் விசாரியுங்கள். மேலும், பூட்டிய உலாவியால் மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைக்கப்பட்ட இரண்டாவது தொலைபேசியைக் காண முடியாது. ஆகவே பணம் கையாளும் பதவிகளுக்கு நான் பரிந்துரைப்பது, முதற்சுற்றை வீட்டிலிருந்தும், அதில் தேறிய சிறு தொகையினருக்கு இரண்டாம் சுற்றைக் கணினிக்கூடம் ஒன்றில் மேற்பார்வையாளர் முன்னிலையிலும் நடத்துவது. இரண்டு சுற்றின் புள்ளிகளுக்குமிடையே பெரிய பள்ளம் தெரிந்தால் அதுவே வேண்டிய தகவலைத் தந்துவிடும்.

படி 4: அடையாள அட்டை இலக்கத்தைப் பயனர் பெயராக வைக்காதீர்கள்

பலரும் எளிது கருதிச் செய்வது இது. 12 இலக்கம் கொண்ட தேசிய அடையாள அட்டை எண்ணில் முதல் நான்கு பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கின்றன. பெண்ணாயின் அம்மூன்றோடு 500 கூட்டப்படும். எனவே 1995632 எனத் தொடங்கும் எண்ணைப் பார்த்தவுடனேயே, அவர் 1995 மே மாதத்தில் பிறந்த பெண் என்று சொல்லிவிடலாம். இதை உள்நுழையும் பெயராக வைப்பதும், பெறுபேற்றுப் பட்டியலில் வெளியிடுவதும் அவரது வயதைப் பறைசாற்றுவதற்குச் சமம். மென்பொருள் ஒவ்வொருவருக்கும் தனிச் சுட்டெண்ணை உருவாக்க வேண்டும். அடையாள அட்டை எண் சரிபார்ப்போருக்கு மட்டுமே தெரிய வேண்டும். ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய எண்ணும் ஏற்கப்படுகிறதா என்று தட்டச்சிட்டுப் பாருங்கள்.

படி 5: கமராவைப் பற்றி இப்போது யோசியுங்கள்

வெள்ளவத்தையில் இரண்டு அறை அனெக்ஸ் ஒன்றில் எழுதும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு அப்பால் அம்மாவின் குரல் கேட்கும், தம்பி குறுக்கே போவான், காலி வீதியின் பஸ் ஹோர்ன் ஓயாது. மென்பொருள் இவை ஒவ்வொன்றுக்கும் “வேறொரு குரல்”, “வேறொரு முகம்” என்று சந்தேகக் குறி இடும். அக்குறிகளை ஒரு மனிதர் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். அதற்கு ஆளும் நேரமும் இல்லையென்றால் கமராவே வேண்டாம். முகம் அறியும் தொழில்நுட்பமும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இயங்குவதில்லை. அமெரிக்காவின் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவகம் 2019 டிசெம்பரில் வெளியிட்ட அறிக்கை, பல மென்பொருள்கள் ஆசிய, ஆபிரிக்க முகங்களை வேறொருவரின் முகத்தோடு பொருந்துவதாகத் தவறாகக் காட்டும் வீதம் கூடுதல் எனக் கண்டது. உங்கள் அலுவலகத்தில் உள்ள பலவித நிறத்தவரை, மங்கலான வெளிச்சத்தில், முக்காடு அணிந்தவர்களையும் சேர்த்து, சோதித்த பின்னரே முடிவுக்கு வாருங்கள்.

பதிந்த காணொளியைக் காப்பதும் உங்கள் பொறுப்பாகிவிடும். 2020 இல் ப்ரொக்டர்யூ என்ற அமெரிக்கப் பரீட்சைக் கண்காணிப்புச் சேவையின் ஏறத்தாழ 444,000 பயனர்களின் விவரங்கள் இணையத்தில் கசிந்தன. இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், முகம், கைரேகை போன்று ஒருவரை அடையாளம் காட்டும் உயிரளவைத் தரவை விசேட வகையாகக் கருதுகிறது. இயந்திரம் தானாகவே எடுக்கும் தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமையையும் பேசுகிறது. ஆகவே “கணினி உங்களை நீக்கிவிட்டது” என்று மட்டும் கடிதம் அனுப்பும் முறை உதவாது. கமராவை வைப்பதானால், எதைப் பதிகிறோம், எத்தனை நாள் வைத்திருப்போம், யார் பார்ப்பார் என்பதை அழைப்புக் கடிதத்திலேயே தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவிடுங்கள்.

படி 6: தமிழை ஏற்றிப் பாருங்கள்

வினா எழுதித் தரும் மூத்த ஆசிரியர்கள் பலர் இன்றும் பாமினி என்ற பழைய எழுத்துருவிலேயே தட்டச்சிடுகின்றனர். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டுவது. அக்கோப்பிலிருந்து நேரே ஒட்டினால், “தமிழ்” என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் திரையில் நிற்கும். எல்லாவற்றையும், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடுக்கு மாற்றிய பின்னரே ஏற்ற வேண்டும், மாற்றியதை ஒருவர் வரிவரியாக வாசிக்க வேண்டும். தமிழ் வாக்கியம் ஆங்கிலத்தைவிட நீளுமாதலால், சிறிய திரையில் விடைத் தெரிவின் கடைசிச் சொல் பொத்தானுக்குப் பின்னால் மறைவதும் உண்டு. எழுமாறாக எடுக்கும்போது மூன்று மொழிமூலத்தவருக்கும் ஒரே வங்கியின் சமமான வினாக்கள் போகின்றனவா என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

படி 7: வயரைக் கழற்றுங்கள்

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்த காரணத்தால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. ஆட்சேர்ப்புப் பரீட்சைகளும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடக்கின்றன. செய்துகாட்டலின் நடுவே, முகவரிடம் சொல்லாமல், உங்கள் கணினியின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பத்து நிமிடத்தின் பின் மீண்டும் நுழையும்போது எழுதிய விடைகள் அப்படியே இருக்க வேண்டும். இழந்த நேரத்தை அந்த ஒருவருக்கு மட்டும் கூட்டிக் கொடுக்க முடிய வேண்டும். அப்படிக் கொடுத்தது யார் என்பது பதிவேட்டில் விழ வேண்டும். கடிகாரம் பரீட்சார்த்தியின் கணினியைச் சாராமல் சேர்வரின் நேரத்தில் ஓட வேண்டும், அதுவும் கொழும்பு நேரத்தில். உலகப் பொது நேரத்தில் விட்டுவிட்டால் காலை 9.00 மணிப் பரீட்சை 3.30 என்று அழைப்பில் அச்சாகிவிடும்.

படி 8: விலைமனுவோடு கேட்க வேண்டியவை

தரவு எந்த நாட்டில் சேமிக்கப்படுகிறது, போகும் வழியிலும் சேமிப்பிலும் பிறர் வாசிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்படுகிறதா, கடைசியாக வெளியார் ஒருவரைக் கொண்டு ஊடுருவல் சோதனை (உள்ளே புக முயன்று ஓட்டைகளைத் தேடுவது) செய்தது எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் பாதுகாப்பு முகாமைத்துவத்துக்கான ஐ.எஸ்.ஓ. 27001 சான்றிதழைக் காட்டினால், அதன் செயற்பரப்பு என்ற வரியை வாசியுங்கள். சில வேளைகளில் அது வாடகைக்கு எடுத்த தரவு நிலையத்துக்கு மட்டுமே உரியதாக இருக்கும், மென்பொருளுக்கு இராது. கட்டணம் டொலரிலா ரூபாயிலா, பதிவுசெய்தவர்களுக்கா எழுதியவர்களுக்கா என்பதையும் மறக்காதீர்கள். பதிந்தும் வராதவர்கள் எப்போதும் உண்டு.

படி 9: ஒத்திகை

உங்கள் ஊழியர்களில் இருபது பேரைக் கொண்டு, உண்மையான நாளைப் போலவே, எல்லோரும் ஒரே நிமிடத்தில் உள்நுழையும்படி ஒரு மாதிரிப் பரீட்சை வையுங்கள். அவர்களில் இருவரிடம் மட்டும் இரகசியமாக, எப்படியாவது ஏமாற்றிப் பார்க்கும்படி சொல்லுங்கள். முடிந்த பின் அவ்விருவரையும் பதிவேட்டிலிருந்து கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள், கூடவே ஒன்றும் செய்யாத பதினெட்டுப் பேரில் எத்தனை பேருக்குச் சந்தேகக் குறி விழுந்திருக்கிறது என்றும் எண்ணுங்கள். இறுதியாக, ஒருவரின் தரவு முழுவதையும் காணொளியோடு சேர்த்து நீக்கித் தருமாறு முகவரிடம் கேளுங்கள். அதை அவர் உங்கள் கண்முன் செய்து காட்டும்வரை ஒப்பந்தம் மேசையிலேயே இருக்கட்டும்.