காலிப் பணியிடக் கணக்கைக் கேட்டு வாங்குவது எப்படி?

கால்நடை மருந்தகத்தில் டாக்டர் இல்லை, கிராம நிர்வாக அலுவலர் மூன்று ஊருக்கு ஒருவர்தான் என்று வாய்வார்த்தையாக மனு கொடுத்தால், 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று ஒரு வரியில் பதில் வரும். பணியிடம் இத்தனை, ஆள் இத்தனை என்று துறையின் கையெழுத்தோடு காகிதம் வைத்துக்கொண்டு பேசினால் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. வேலூரில் ஓர் அரசு அலுவலகத்தின் பணியமைப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன், இந்தக் கணக்கு எப்போதும் கோப்பில் இருக்கும். கேட்கத்தான் ஆள் வருவதில்லை.

மாநில அளவிலான எண்ணிக்கை போதுமென்றால், சட்டமன்றத்தில் துறைவாரியாக நிதி கேட்கும் மானியக் கோரிக்கையின்போது துறை வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பைப் பாருங்கள். பல துறைகளின் குறிப்பில் பணியாளர் விவரம் இருக்கும். குடியாத்தத்துக்கோ பேரணாம்பட்டுக்கோ தனியாக வேண்டும் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 6(1) பிரிவில் மனு போட வேண்டும்.

மனுவின் உயிரே கேள்விதான். 'எத்தனை காலி?' என்று மட்டும் கேட்காதீர்கள். பதவி வாரியாக அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரப்பப்பட்டது, காலி, காலியான தேதி, கூடுதல் பொறுப்பில் பார்ப்பவரின் பதவி என்று கட்டம் போட்டுக் கேளுங்கள். அப்புறம் கடைசியாக ஒரு கட்டம், 'மாற்றுப்பணியில் வேறு இடத்தில் பணிபுரிபவர்கள்'. இதை யாரும் கேட்பதில்லை. சம்பளம் உங்கள் ஊர்ப் பணியிடத்தில், வேலை தலைமை அலுவலகத்தில் என்று ஒருவர் இருந்தால், காகிதத்தில் அந்த இடம் நிரம்பியதாகவே காட்டும். மாடு கன்று ஈன முடியாமல் தவிக்கும்போது அந்தக் காகிதத்தால் யாருக்கு என்ன பயன்?

'ஏன் நிரப்பவில்லை?' என்று கேட்டால், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். அதற்குப் பதில், காலியிடத்தை நிரப்பக் கோரி மேலதிகாரிக்கு அனுப்பிய கடிதங்களின் நகலைக் கேளுங்கள். காரணம் அதிலேயே இருக்கும்.

நம் பக்கத்துக்கு இன்னொன்று முக்கியம். 2019-இல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்துவிட்டன. ஆனால் சில துறைகளின் மண்டல எல்லை வருவாய் மாவட்ட எல்லையோடு ஒத்துப்போகாது. அதனால் வெறுமனே 'வேலூர்' என்று எழுதாமல் வட்டத்தின் பெயரையும் எந்தத் தேதி நிலவரம் என்பதையும் எழுதுங்கள்.

மனுவில் 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தில் தகவல் தரும் பொறுப்பில் உள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு, சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். அலுவலகம் மாறிப் போனாலும் கவலை இல்லை, உரிய இடத்துக்கு அவர்களே 5 நாளுக்குள் அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

பதில் கைக்கு வந்ததும் நகல் எடுத்து, சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தில் மனுவோடு இணைத்துக் கொடுங்கள். இன்னொரு நகல் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு. மூலப் பிரதியை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.